அயர்லாந்திலிருந்து ஒரு ஜாதகம்

செப்டம்பர் 22, திங்கள்

புரட்டாசி பிறந்ததிலிருந்து ஆபீஸில் ஈ ஓட்டுகிறோம். இந்த மாதத்தில் எங்கள் கோபி டவுனில் எவரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், திருமணத் தகவல் மையத்தின் மாடிப்படியை மிதிக்க மாட்டார்கள். முதலாளி நாச்சிமுத்து அய்யா சாமி படத்துக்குப் பூ வைக்கிறார், பேப்பரை விளம்பரம் உட்பட வரி விடாமல் படிக்கிறார், "அம்மிணி, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

சும்மா இருந்தால் எனக்குக் கை அரிக்கும். பழைய பதிவுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் அறுநூறு பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள். போட்டோ, நட்சத்திரம், சம்பளம், போன் நம்பர், எந்த ஊரில் எந்த ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள் என்பது வரை இருக்கிறது. அய்யா இதற்கென்றே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "பொண்ணுங்க போட்டோ நம்ம கையாலதான் வெளிய போகோணும். தானாப் போச்சுன்னா அன்னைக்கே கடையை மூடிப்போடுவேன்." சொன்னால் செய்கிற மனிதர்தான்.

அந்த அறுநூறில் நானும் ஒருத்தி. கோகிலவாணி, முப்பத்து மூன்று, செவ்வாய் தோஷம். பதிந்தது அம்மா. 'ஏழு வருடம் கர்நாடக சங்கீதம் பயின்றவர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். நான் போனது இரண்டு வாரம். மூன்றாவது வாரம் டீச்சரே வீட்டுக்கு வந்து, "குழந்தைக்குப் படிப்பு நல்லா வரும், அதுல கவனம் செலுத்தட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வெளியே கொடுக்கிற அச்சுத் தாளில் அந்த வரியை எப்போதோ தூக்கிவிட்டேன். கம்ப்யூட்டரில் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சண்டை போட்டபோது, "ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாங்க. நான் ஒன்னே ஒன்னுதானே சொன்னேன்?" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

புரட்டாசியிலும் ஒரு ஜாதகம் வந்தது! மெயிலில்.

அயர்லாந்து மாப்பிள்ளை. பெயர் விஷ்ணுபிரசாத், டப்ளின் நகரத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவர் அப்பா எழுதியிருந்தார். போட்டோவும் இருந்தது: ஏதோ பாலத்தின் மேல், நீல மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு முகம். ஜாதகத்தைத் தனி ஃபைலாக வைத்திருந்தார்கள். தட்டினால் திறக்கவில்லை. 'முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தது, திறக்கலாமா?' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழுந்து கேட்டது. எங்கள் தொழிலில் எல்லாமே முன்பின் தெரியாத இடத்திலிருந்துதான் வருகிறது. அய்யா சொல்வார்: "வர்ற ஜாதகம் மகாலச்சுமி மாதிரி. வாசல்ல நிக்க வெக்கக் கூடாது." திற என்றேன். அப்போதும் வரவில்லை. 'கம்ப்யூட்டரில் உள்ள பாதுகாப்பைச் சற்று நிறுத்தினால் கட்டம் தெரியும்' என்று மெயிலின் அடியிலேயே தமிழில் குறிப்பு இருந்தது. எவ்வளவு அக்கறையான அப்பா! நிறுத்தினேன். திறந்தது.

ஒரு வேடிக்கை. ஜாதகம் வருவதற்கு முன்னால் கறுப்பாக ஒரு பெட்டி பளிச்சென்று வந்து போனது. என்னவாக இருக்கும்? மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடி வந்து போனது. உள்ளே ஏதோ வெள்ளை எழுத்து ஓடுகிறது, படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. படித்தே தீருவது என்று இன்னொரு முறையும் திறந்தேன். ஊஹும்.

கட்டத்தைப் பார்க்கவில்லை. அவசரம். போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுப் பதிந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கம்ப்யூட்டர் ஆமையாகிவிட்டது. ஒரு பெயரைத் தட்டினால் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகு அந்தப் பெயர் வருகிறது. சும்மா இருக்கும்போதே உள்ளே விசிறி உறுமுகிறது.

கீழே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பானுவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி. மேலே வந்து திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏண்டி வாணி, ஆன்டிவைரஸ் முடிஞ்சு போச்சுன்னு மூலையில செவப்பா கத்திக்கிட்டு இருக்குமே, அதெங்க?"

அந்த மூலையில் அய்யா பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். சிவப்புப் பெட்டி வந்து வந்து எரிச்சலாக இருக்கிறது என்று போன மாசமே ஒட்டியது. பானு ஸ்டிக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிள்ளையாரு எத்தனையத்தான் பாப்பாரு? ஐப்பசி வரைக்கும் தள்ளாத. இதைப் புதுப்பிச்சு, எல்லாத்தையும் தனியா ஒரு டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வெச்சிரலாம்."

அய்யாவிடம் கேட்டேன். "வருமானம் வரட்டும் அம்மிணி" என்றார். சரி, ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. கால் வலி உயிர் போகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பூஜை அத்தனை ஜோராக நடந்தது.

மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்கு மூன்று பொட்டு, மௌசுக்கு ஒரு பூ. போன வருஷம் பொரி கீபோர்டுக்குள் போய் 'க' அழுத்தினால் 'கக்க' வந்தது, அதனால் இந்த முறை பொரித் தட்டைத் தள்ளி வைத்தேன். அய்யாவின் ஏற்பாடு என்னவென்றால், திரையில் சரஸ்வதி படம் முழுசாக ஒளிர வேண்டும். வைத்தேன். வெள்ளைத் தாமரையும் வீணையுமாக, நிஜமாகவே அழகாக இருந்தது. தீபாராதனை காட்டி முடித்து, நான் கம்ப்யூட்டரை நிறுத்தப் போனேன்.

"அய்யோ, அம்மன் மொகத்தை அணைக்கிறதா? நாளைக்கு மறுபூசை முடிச்சு எடுத்துக்கலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது, ஆமா."

திரை மங்காமல் இருக்க ஏதோ செட்டிங்கைத் தேடி மாற்றினேன். இன்டர்நெட் டப்பாவும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அய்யா ஒரு பொட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் எரியவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூஜை. கம்ப்யூட்டரைத் தொட்டால் சுடுகிறது. ராத்திரியெல்லாம் சும்மா நின்ற பெட்டிக்கு ஏன் இந்தக் காய்ச்சல்?

அக்டோபர் 4, சனி

பெருமாள் கோவில் கூட்டத்தில் நசுங்கி ஆபீஸ் வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது என் சொந்த போனுக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு.

"கோகிலவாணிங்களா? நான் விஷ்ணுபிரசாத், டப்ளின்ல இருந்து."

நீல மழைக்கோட்டு! என்னவென்று சொல்ல, கையில் தயிர் சாதம். பெரியவர்கள் பேசுவதற்கு முன்னால் தானே ஒரு வார்த்தை பேசிவிட நினைத்தாராம். தவறாக நினைக்க வேண்டாமாம். எனக்கு மூல நட்சத்திரம் என்பதும் தெரிந்திருக்கிறது, நான் பி.காம் முடித்த வருஷமும் தெரிந்திருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

அங்கே அப்போதுதான் விடிகிறதாம். இந்தப் பூமி எப்படியெல்லாம் சுற்றுகிறது பாருங்கள்.

அக்டோபர் 6, திங்கள்

டப்ளினில் மழையாம். கம்ப்யூட்டரில் பார்த்தேன், நிஜமாகவே மழைதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

அயர்லாந்தில் பாம்புகளே கிடையாதாம். ஒன்றுகூட இல்லை. உருளைக்கிழங்கு இல்லாமல் ஒரு காலத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனங்கள் கப்பலேறிவிட்டார்கள். பச்சை பச்சையாகப் புல், ஆடு, கல் வேலி. ஒரு தேசத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதில் தப்பென்ன? பொது அறிவு.

அம்மா என் முகத்தைப் பார்த்தே வாயைப் பிடுங்கிவிட்டார். யாரோ வெளிநாட்டு வரன், சும்மா விசாரித்தார்கள் என்றேன்.

"புரட்டாசில எவனாச்சும் பொண்ணு கேப்பானா? எந்த ஊட்டுக்காரங்க அவங்க, மொறை தெரியாம?"

வெளிநாட்டில் இருப்பவருக்குப் புரட்டாசி ஏது, மார்கழி ஏது என்றேன். "அவனுக்கில்லீன்னாலும் அவங்கப்பனுக்கு இருக்குமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே அரிசி களைந்தார். அம்மாவுக்கு எதிலும் ஒரு நொட்டை.

அக்டோபர் 8, புதன்

ஒரு சந்தேகம். டப்ளின்காரர் தினமும் மத்தியானம் பேசும்போது பின்னால் 'டக்... டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. எங்கள் வீட்டு ஹாலில் ஓடுகிற பழைய சீலிங் ஃபேன் சத்தம் மாதிரியே இருக்கிறது. குளிர் தேசத்தில் ஃபேன் போடுவார்களா? ஹீட்டரில்கூட விசிறி இருக்குமாம், தேடிப் பார்த்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

பாடச் சொன்னார்.

"ஏழு வருஷம் சங்கீதம் கத்துக்கிட்டவங்க ரெண்டு வரி பாடக் கூடாதா?" என்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். பேருதான் கோகிலம், குரல் தகர டப்பா என்றேன். தகர டப்பாவில் மழை பெய்தால் நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

நான் பாடவில்லை. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு பாடுவேனா?

அக்டோபர் 10, வெள்ளி

தொண்டை கட்டியிருக்கிறது. பனங்கற்கண்டு வாங்கினேன்.

அக்டோபர் 11, சனி

ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த ஏழு வருஷம். அச்சுத் தாளில் அந்த வரி இல்லை. பிறகு எப்படித் தெரியும்? அய்யா ஒருவேளை கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன். பேச்சுவாக்கில் கேட்பது போல, என் ஜாதகத்தை யாராவது கேட்டார்களா என்றேன்.

அய்யா கண்ணாடியைக் கழற்றினார். "உன்ற ஜாதகத்தையா அம்மிணி? இந்த வருசம் ஒருத்தரும் கேக்கலியே" என்றார். பாவம், அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பொக்கென்று போய்விட்டது.

மத்தியானம் டப்ளின்காரரிடமே கேட்டேன். "உங்க மையத்துல இருந்துதானே அனுப்புனாங்க" என்றார்.

மையத்திலிருந்து அனுப்புகிற ஆள் நான்தான்.

கொத்தவரங்காய்ப் பொரியல். அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

சத்தியமங்கலத்திலிருந்து சிந்துஜாவின் அப்பா வந்தார். சிந்துஜா அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்களிடம் பதிந்த பெண். பெருந்துறை வரன் ஒன்று ஏறக்குறைய முடிந்து, ஐப்பசியில் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக இருந்தது. மனுஷர் கையில் லட்டு டப்பா.

"பெருந்துறைக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிப் போடுங்க. நீங்க அனுப்புன நியூசிலாந்து பையனையே பேசிரலாமுங்க. பொண்ணு அவனத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

அய்யா விழித்தார். "நாங்க நியூசிலாந்துக்காரன் எவனையும் அனுப்பலீங்களே!"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? உங்க மையத்துல இருந்து ஜாதகம் கெடச்சுதுன்னு அவனே சொன்னானாமே. ஆதித்யான்னு பேரு. பத்து நாளா டெய்லியும் பேசறான்." போனை எடுத்து போட்டோவைக் காட்டினார்.

பாலம். நீல மழைக்கோட்டு.

நான் டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டேன். டீக்கடையில் நின்றுகொண்டே இருந்தேன். கடைக்காரர் "எத்தனை டீங்க?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்.

திரும்பி வந்து, பானுவைக் கூப்பிடலாம் அய்யா, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றேன். இன்று போன் வந்தது. எடுக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பானு வந்ததும் முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். பிறகு என்னென்னமோ தட்டினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பயம் ஒரு பக்கம், இது எப்படித்தான் நடந்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது இன்னொரு பக்கம்.

"வாணி, நீ சரசுவதி பூசை ராத்திரி இங்க ஒக்காந்து வேலை பாத்தியா?"

"பூஜைக்கு வெச்ச பெட்டியை யாராவது தொடுவாங்களாடி? அய்யா கொன்னுபோடுவாரு."

"அப்ப இதைப் பாரு."

பெண்களின் பதிவுகள் எல்லாமே ஒரு பெரிய மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. கட்டிய தேதி அக்டோபர் ஒன்று. சரஸ்வதி முகம் முன்னால் ஒளிர்ந்துகொண்டிருக்க, பின்னால் எவனோ உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணாக அள்ளிக் கட்டி, விடிய விடிய வெளியே அனுப்பியிருக்கிறான். நானோ திரை மங்காமல் செட்டிங் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"வெளியில இருந்தவன் எப்படி உள்ள வந்தான்?"

"நீதான் கதவைத் தொறந்திருக்கே. செப்டம்பர் இருபத்து நாலு. ஜாதகம்னு ஒரு ஃபைல். அது ஜாதகமே இல்ல, புரோகிராம். கட்டத்தை உனக்குக் காட்டிக்கிட்டே பின்னால அவனுக்குச் சாவி குடுத்திருக்கு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை தொறந்திருக்கியேடி!"

கறுப்புப் பெட்டியை வேடிக்கை பார்த்ததை எப்படிச் சொல்வது? சொன்னேன். பானு தலையில் அடித்துக்கொண்டாள்.

அய்யா அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, தாழ்த்தி, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். "அட கெரகமே!" என்றார். "ராகு எங்க இருக்குது பாரு அம்மிணி. கேது எங்க இருக்குது?"

பார்த்தேன். ராகுவும் கேதுவும் அடுத்தடுத்த கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. ராகுவுக்கு ஏழாம் வீட்டில், நேர் எதிரேதான் கேது நிற்கும். பிறந்த குழந்தை யாராயிருந்தாலும் அப்படித்தான். இந்த ஆபீஸில் ஒன்பது வருஷமாக ஜாதகம் தட்டுகிற எனக்கு, ஒரு விநாடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணுமில்ல" என்றார் அய்யா. "நீ எப்படிக் கண்ணு இதைக் கவனிக்காம விட்டே?"

புரட்டாசிதானே என்று கவனக்குறைவாக இருந்துவிட்டேன் அய்யா என்றேன்.

பானு என்னையே பார்த்தாள். "உனக்குப் போன் வந்துச்சா?"

"ஒன்னு ரெண்டு வந்துச்சு."

அவள் மேஜை மேலிருந்த பனங்கற்கண்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லா பாஸ்வேர்டையும் தன் மடிக்கணினியிலிருந்து மாற்றத் தொடங்கினாள்.

அய்யா மாடிக் கதவின் சாவியை மேஜைமேல் வைத்தார். "மூடிரலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலைத் திறந்து வைத்தது நான், கடை போவது அவருக்கு. மூடுவதற்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும் அய்யா, இல்லாவிட்டால் அவன் பேசிக்கொண்டே இருப்பான் என்றேன். சாவியை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 15, புதன்

காலையில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

மத்தியானம் வழக்கமான நேரத்துக்கு அவன் கூப்பிட்டான். பானு சைகை காட்டினாள், எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டோம்.

ரெண்டு நாளாக ஏன் பேசவில்லை, சோறே இறங்கவில்லை என்றான். பிறகு சொன்னான், "வாணி, நமக்காக விசாவுக்குப் பதிய ஆரம்பிச்சுட்டேன். நீங்க வேலை பாக்கற இடம் நெசந்தானான்னு இங்க கேக்கறாங்க. உங்க ஆபீஸ் போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு எண் வரும். அதை மட்டும் சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் ஆபீஸ் போன் டிங் என்றது. விசாவும் இல்லை ஒன்றும் இல்லை. எங்கள் மையத்தின் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறப்பதற்கான எண் அது. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அந்த மெசேஜிலேயே போட்டிருக்கிறது. பானு ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள்: 'இதைச் சொன்னா நம்ம பேர்ல அவன் எல்லா வீட்டுக்கும் பேசுவான்.'

அப்படியானால் இதற்காகத்தான். பத்து நாள் மழையும் பாட்டும் இந்த ஆறு இலக்கத்துக்காக. கோபம் வர வேண்டும். வந்தது கோபம் இல்லை. அவனுக்குப் பின்னால் அந்த 'டக்... டக்' கேட்டுக்கொண்டே இருந்தது.

"உங்க ரூம்ல ஃபேன் ஓடுதுங்களா?" என்றேன்.

"என்ன?"

"ஃபேனுங்க. நம்மூர் சீலிங் ஃபேன். எந்த ஊர்ல இருந்து பேசறீங்க?"

கட் பண்ணிவிட்டான். அவ்வளவுதான். இனி அந்த நம்பர் போகாது என்று பானு சொன்னாள். போட்டுப் பார்த்தேன், போகவில்லை.

பானு ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு இரட்டைப் பூட்டு போட்டுக் கொடுத்தாள். ஆறு இலக்க எண் யார் கையில் கிடைத்தாலும், எங்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு எண் இல்லாமல் திறக்காது. பதிவுகளைத் தனி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகு கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, புது ஆன்டிவைரஸ் போட்டாள். போகிற போக்கில் பிள்ளையாரை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 16, வியாழன்

எல்லா வீட்டுக்கும் செய்தி அனுப்பினோம். எங்கள் மையத்தின் பெயரைச் சொல்லிப் பேசுகிற வெளிநாட்டு வரனை நம்ப வேண்டாம், போனுக்கு வருகிற எந்த எண்ணையும் யாருக்கும் சொல்ல வேண்டாம், தெரியாதவர் அனுப்புகிற ஃபைலைத் திறக்க வேண்டாம். இது போதாது என்று அய்யா ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் போடுகிறார். திட்டு வாங்குகிறார். "ஆமாங்க, எங்க தப்புத்தானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைத் தட்டுகிறார். இந்த வயசில் அவருக்கு இது தேவையா? என்னால் பார்க்கவே முடியவில்லை.

சிந்துஜா மட்டும் போனை எடுக்கவே இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். குரலில் காரம்.

"அக்கா, எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க? ஆதித்யா ஃபிராடுன்னு சொன்னீங்களாமே. நீங்க அனுப்புனது எல்லாருக்கும் போற மெசேஜ்தானுங்க்கா. அவரு அப்படியாப்பட்டவரு இல்லீங்க."

அதே போட்டோ வேறு பெயரில் இங்கே இருக்கிறது என்றேன்.

"அவரு போட்டோவ எவனாச்சும் திருடியிருப்பானுங்க. உங்ககிட்ட இருக்கறதுதான் பொய்யி."

ராகு கேதுவைச் சொன்னேன். அவர் ஜாதகத்தை அவள் பார்க்கவே இல்லையாம், அப்பாதான் பார்த்தாராம், டைப் செய்யும்போது மாறியிருக்குமாம். பூஜை ராத்திரியைச் சொன்னேன். அதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எனக்கு அந்தப் பதில் ஒவ்வொன்றும் பழக்கமாக இருந்தது.

"விசாவுக்கு ஒரு எண் வரும், சொல்லோணும்னு சொல்லியிருக்காரு. இப்பக் கூப்பிடுவாரு. நான் போனை வெக்கறேனுங்க்கா."

அந்த எண்ணைச் சொன்னால் அவள் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி டாக்டர்கள், சித்தப்பா பெரியப்பா, பெருந்துறைக்காரர்கள், எல்லாரிடமும் அவள் பெயரில் அவன் பேசுவான். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? அய்யா எதிரே நம்பர் போடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பானு வாசல்படியில் நின்றிருந்தாள்.

"உங்களுக்குப் புரியாதுங்க்கா," என்றாள் சிந்துஜா. அழ ஆரம்பித்திருந்தாள். "எங்கூட அப்படி யாருமே பேசுனதில்ல. அவரு அங்க ஒத்தையில சோத்துக்கு ஒக்காரும்போது..."

அவளால் முடிக்க முடியவில்லை. நான் முடித்தேன்.

"...எதிர்ல உங்களுக்குன்னு ஒரு தட்டு வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடறேன்."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

இதை நான் இந்தக் குறிப்பில் இதுவரை எழுதவில்லை. எழுதினால் வேறு யாராவது படித்துவிடுவார்கள் என்று எழுதவில்லை. எனக்கு மட்டும் சொன்ன வார்த்தை என்று வைத்திருந்தேன்.

"அக்கா... அதை உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"அவன்தான் கண்ணு."

"நம்பீட்டீங்களா?"

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன்: "நம்பீட்டேன். இந்த ஆபீஸ்ல எனக்கு எதிர்ல ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கிட்டுத்தான் நானும் சாப்பிட்டேன்."

போனில் குறுக்கே பீப் என்று ஒரு சத்தம் வந்தது. "அவருதானுங்க்கா" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி. எடுக்காதே என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. நான் லைனில்தான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பீப், பீப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அதுவும் நின்றுபோனது.

சிந்துஜா மூக்கை உறிஞ்சினாள். "சாப்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல. நீ?"

"எனக்கும் இன்னும் ஆகலீங்க."

போனை வைக்காமலேயே இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்தோம்.